கப்பல் கணக்கில் தெரிந்த தோல்வி: டோக்கியோ மாதிரி அமைச்சரவை, 1941 – ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த நிகழ்வு

கடல் சூழ்ந்த ஒரு பேரரசு பக்கத்துக் கண்டத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றால் எங்கே போய் முடியும்? மாற்று வரலாறு எழுதுவோரும் போர் விளையாட்டு வடிவமைப்போரும் திரும்பத் திரும்பத் தொடும் கேள்வி இது. பெரும்பாலும் நடந்து முடிந்ததை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தச் சண்டையில் வென்றிருந்தால், அந்தத் தளபதி பிழைத்திருந்தால் என்று திருத்திப் பார்ப்பார்கள். 1941 கோடையில் டோக்கியோவில் நடந்தது நேர்மாறானது. இன்னும் தொடங்காத ஒரு போரின் வரலாற்றைச் சில இளம் அதிகாரிகள் கடைசிவரை எழுதிப் பார்த்தார்கள். அரசு கேட்டு நடந்த பயிற்சிதான் அது. முடிவு அரசின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய அப்படியே நடந்தும் விட்டது.

அவர்கள் தீர்க்கதரிசிகள் அல்லர். அவர்கள் கொடுத்த எண்களில் பல பின்னால் தவறாகிப் போயின. ஆனாலும் முடிவைச் சரியாகப் பிடித்தார்கள். அது எப்படி என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. பங்கேற்ற மாணவர்களின் பெயர்களைத் தவிர்த்து, அவர்கள் வகித்த பொறுப்பைக் கொண்டே குறிப்பிட்டிருக்கிறோம்.

பின்னணி

1937 ஜூலையில் சீனாவுடன் தொடங்கிய போர் நான்கு ஆண்டுகளாகியும் முடியவில்லை. பெரிய நகரங்களும் ரயில் பாதைகளும் ஜப்பானின் கையில் இருந்தன, சீன அரசு பணியவில்லை. வடக்கே 1939இல் மங்கோலிய எல்லையில் உள்ள நோமோன்ஹானில் சோவியத் படையிடம் பட்ட அடியால் அந்தத் திசையில் துணிச்சல் குறைந்திருந்தது. 1941 ஏப்ரலில் சோவியத்துடன் நடுநிலை ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டே மாதத்தில் ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியதும் டோக்கியோவின் கணக்குகள் மறுபடி கலைந்தன. வடக்கே போவதா, தெற்கே போவதா என்ற வாதம் உச்சத்தில் இருந்தது.

கண்டத்தில் நின்ற படைக்கு எண்ணெய் வேண்டும், இரும்பு வேண்டும், ரப்பர் வேண்டும். இறக்குமதியாகும் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. ஜூலை இறுதியில் ஜப்பானியப் படை தென் இந்தோசீனாவில் இறங்கியது. அமெரிக்கா தன் நாட்டில் இருந்த ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. ஆகஸ்ட் 1 முதல் எண்ணெய் நின்றது. கண்டத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டுமானால் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயை எடுத்தாக வேண்டும், அதை எடுக்கக் கடலைத் தாண்ட வேண்டும். நிலத்தில் தொடங்கிய ஆசை கடற்பாதைக்கு வந்து நின்றது இப்படித்தான்.

பங்கேற்றோரும் முறையும்

இந்தப் பயிற்சியை நடத்திய முழுமைப் போர் ஆய்வு நிறுவனம் 1940 செப்டம்பர் இறுதியில் அரச ஆணையால் பிறந்தது. நேரடியாக அமைச்சரவையின் கீழ் இயங்கியது. முதல் அணி 1941 ஏப்ரலில் சேர்ந்தது. அதில் முப்பதுக்கும் மேற்பட்டோர், சராசரி வயது முப்பதுகளின் தொடக்கம். அமைச்சக அதிகாரிகள், தரைப்படை, கடற்படை அதிகாரிகளுடன் வங்கி, செய்தி நிறுவனம், எஃகு ஆலை, கப்பல் நிறுவனம் ஆகியவற்றிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். நிறுவனத் தலைவர் தரைப்படை லெப்டினன்ட் ஜெனரல் ஈமுரா ஜோ.

ஜூலை நடுவில் மாணவர்களைக் கொண்டு ஒரு மாதிரி அமைச்சரவை அமைக்கப்பட்டது. பிரதமர், நிதியமைச்சர், படைத்துறை அமைச்சர், கடற்படை அமைச்சர், திட்ட வாரியத் தலைவர் என்று பொறுப்புகள் பிரிந்தன. பெரும்பாலும் அவரவர் சொந்த வேலைக்கு நெருங்கிய பொறுப்புதான். பயிற்சியாளர்கள் கட்டம் கட்டமாகச் சூழ்நிலைத் தாள் தருவார்கள். மாதிரி அமைச்சரவை கூடி வாதிட்டு முடிவெடுக்கும். அந்த முடிவின் விளைவை வைத்து அடுத்த தாள் வரும்.

இந்த முறையின் பலம் ஆட்களின் தேர்வில் இருந்தது. உண்மையான அமைச்சரவையில் கப்பல் போக்குவரத்தைப் பற்றிப் பேசியவர்களுக்குக் கப்பல் ஒரு தலைப்பு மட்டுமே. இங்கே பேசியவருக்கு அது தினசரி வேலை. எந்தக் கப்பல் எத்தனை நாளில் திரும்பும், துறைமுகத்தில் எத்தனை நாள் நிற்கும், மூழ்கினால் காப்பீட்டு உலகம் அதை எப்படிப் பதிவுசெய்யும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். தங்கள் அலுவலகங்களிலிருந்து எண்களைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் வசதியும் இவர்களுக்கு இருந்தது.

கவனிக்கப்பட்டது: எண்ணெய் அல்ல, கப்பல்

முதலில் எல்லாரும் எண்ணெயைப் பற்றித்தான் பேசினார்கள். கையிருப்பு எத்தனை மாதம் வரும், டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய் மையமான பலேம்பாங்கின் கிணறுகளை எதிரி கொளுத்திவிட்டால் சீர்செய்ய எத்தனை நாள் ஆகும் என்பவைதான் கேள்விகள். கணக்கு நகர நகர, கிணற்றைப் பிடிப்பது எளிய பாதி என்பது தெளிவானது. பிடித்த எண்ணெய் ஜப்பானுக்கு வந்து சேர வேண்டும்.

கப்பல் நிறுவனத்திலிருந்து வந்தவர் லண்டனின் கப்பல் காப்பீட்டு அமைப்பான லாயிட்ஸின் புள்ளிவிவரங்களை அடிப்படையாக எடுத்துக்கொண்டார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை எப்படித் தின்றன என்பதற்கு அதைவிட நல்ல பதிவு இல்லை. 1917 ஏப்ரல் மாதத்தில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியிருந்தது. பிரிட்டன் அப்போது விளிம்பில் நின்றது. அதிலிருந்து ஜப்பானுக்கு அவர் எடுத்த மதிப்பு மாதம் 1 லட்சம் டன், ஆண்டுக்கு 12 லட்சம். கப்பல் கட்டும் தளங்களால் தர முடிந்தது மாதம் 50,000 டன், ஆண்டுக்கு 6 லட்சம். ஆண்டுதோறும் 6 லட்சம் டன் நிகர இழப்பு. நாட்டின் அன்றாட வாழ்வுக்கும் தொழிலுக்கும் தேவை என்று வைத்திருந்த 30 லட்சம் டன்னில் மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் போய்விடும்.

இங்கே ஒரு சிறு விளக்கம். இந்த வகைக் கணக்கில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. வணிகக் கப்பலின் ‘மொத்த டன்’ எடை அல்ல, கொள்ளிடம். 100 கன அடி ஒரு டன். போர்க்கப்பலின் டன் அது இடம்பெயர்க்கும் நீரின் எடை. சுமக்கும் சரக்கின் டன் மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கூட்டிய மாற்று வரலாறுகள் ஏராளம். அப்படிக் கூட்டினால் எந்தப் பேரரசும் வெல்லும்.

இன்னொன்று, டன்னை எண்ணினால் போதாது. பயணத்தை எண்ண வேண்டும். பலேம்பாங்கிலிருந்து யோகோஹாமா ஏறத்தாழ 3,000 கடல் மைல். 10 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஓடும் ஒரு டேங்கர் பன்னிரண்டரை நாளில் வரும். போக வர 25 நாள். ஏற்ற, இறக்க, பழுது பார்க்க 10 நாள் சேர்த்தால் சுற்றுக்கு 35 நாள், ஆண்டுக்குப் பத்துச் சுற்று. கப்பல் 15,000 கிலோலிட்டர் சுமப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கிலோலிட்டர். 45 லட்சம் கிலோலிட்டர் கொண்டுவர இத்தகைய 30 டேங்கர்கள் வேண்டும்.

இப்போது நீர்மூழ்கி பயம் வந்து கான்வாயாக, அதாவது காவலுடன் கூட்டமாகப் போக வேண்டும் என்று வைப்போம். கூட்டம் சேரும்வரை காத்திருக்க இரண்டு வாரம். வேகம் மெதுவான கப்பலுக்கு ஏற்ப 8 நாட் அளவுக்கு இறங்கும். வளைந்து வளைந்து ஓடுவதால் தூரமும் கூடும். சுற்று 60 நாளாகும். ஆண்டுக்கு ஆறு சுற்று, ஒரு கப்பலுக்கு 90,000 கிலோலிட்டர். அதே எண்ணெய்க்கு இப்போது 50 டேங்கர்கள் தேவை. ஒரு கப்பல்கூட இன்னும் மூழ்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இவை மாதிரி அமைச்சரவையின் தாளில் இருந்த எண்கள் அல்ல. அவர்கள் பார்த்த நெருக்கடியின் வடிவத்தைக் காட்ட இங்கே போட்ட கணக்கு.

கப்பல் குறைந்தால் இரும்புத் தாதும் நிலக்கரியும் குறையும், எஃகு குறையும், எஃகு குறைந்தால் புதுக் கப்பலும் குறையும். சுழல் கீழ்நோக்கியே போகும். இந்தப் பிணைப்பை ஒரே மேசையில் வைத்துப் பார்த்ததுதான் அந்த இளைஞர்களின் சாதனை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

போர் கூடாது என்ற குரல் மாதிரி அமைச்சரவைக்குள் வலுவாக இருந்தது. ஆனால் பயிற்சியாளர்களின் தாள்கள் தெற்கின் எண்ணெயை ஆயுத பலத்தால் எடுக்கும் திசையில் நகர்ந்தன. ஆகவே போர் தொடங்கியதாக வைத்துக்கொண்டு மேலே கணக்கிட்டார்கள். தொடக்கச் சண்டைகளில் வெற்றி கிடைக்கும். போர் நீளும். நீண்டால் அமெரிக்காவின் உற்பத்திக்கு ஈடுகொடுக்க முடியாது, கப்பல் இழப்பு நாட்டின் மூச்சை இறுக்கும். கடைசிக் கட்டத்தில் சோவியத் யூனியன் நுழையும். ஜப்பான் தோற்கும். முத்துத் துறைமுகத் தாக்குதலும் அணுகுண்டும் தவிர மற்ற முக்கியத் திருப்பங்கள் பெரும்பாலும் அந்த வரைவில் இருந்தன.

போர் வேண்டாம் என்று ஒருவர் சொல்வதற்கு அறம் காரணமாக இருக்கலாம், அச்சம் காரணமாக இருக்கலாம். இவர்கள் சொன்னதற்குக் காரணம் கழித்தல் கணக்கு. அந்த நாளில் அதைச் சொல்வதற்கும் துணிவு வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 27, 28

பிரதமர் இல்லத்தில் இரண்டு நாள் முடிவுகள் வாசிக்கப்பட்டன. பிரதமர் கொனோயே புமிமாரோவும் படைத்துறை அமைச்சர் தோஜோ ஹிதெக்கியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தவர்களின் நினைவுகளில் பதிந்திருப்பது தோஜோவின் மறுமொழி: உழைப்பு பாராட்டத்தக்கது, ஆனாலும் இது மேசைப் பயிற்சி. ரஷ்யாவுடனான 1904–05 போரையும் வெல்வோம் என்று நினைத்துத் தொடங்கவில்லை, வென்றோம். போரில் எதிர்பாராதவை நடக்கும், அவை இந்தக் கணக்கில் இல்லை. இதை வெளியே பேசக் கூடாது.

எதிர்பாராதவை நடக்கும் என்பது உண்மைதான். அவை எப்போதும் நமக்குச் சாதகமாகவே நடக்கும் என்று வைத்துக்கொண்டதில்தான் பிழை. அறிக்கை அத்துடன் நின்றது. அந்த எண்களை மறுத்து யாரும் எதிர்க் கணக்கு தரவில்லை. எண்களைத் தொடாமலேயே முடிவை ஒதுக்கிவிட்டார்கள்.

நவம்பர் 5: அதே கணக்கு, வேறு விடை

அக்டோபரில் கொனோயே விலக, தோஜோ பிரதமரானார். நவம்பர் 5 அன்று பேரரசர் முன்னிலையில் கூடிய மாநாட்டில் அரசின் வளத் திட்டமிடலைக் கவனித்த திட்ட வாரியத்தின் தலைவர் சுசுகி தெய்இச்சி கப்பல் நிலையை விளக்கினார். மக்கள் பயன்பாட்டுக்கு 30 லட்சம் டன் வேண்டும். ஆண்டு இழப்பு 8 முதல் 10 லட்சம் டன். ஆண்டுக்குச் சராசரி 6 லட்சம் டன் புதிதாகக் கட்டினால் 30 லட்சத்தைக் காக்கலாம்.

இரண்டு கணக்கிலும் கட்டும் அளவு ஒன்றே, தேவையும் ஒன்றே. இழப்பில்தான் வேறுபாடு, அதுவும் பெரியதல்ல. அப்படியிருக்க ஒன்றில் தோல்வியும் மற்றொன்றில் சமாளிப்பும் எப்படி வந்தன? 6 லட்சம் கட்டி 8 லட்சம் இழந்தால் குறையத்தானே வேண்டும்?

விடை ஒதுக்கீட்டில் இருக்கிறது. தரைப்படை 21 லட்சம் டன்னும் கடற்படை 18 லட்சம் டன்னும் எடுத்துக்கொள்ளும். தெற்கைப் பிடித்து முடித்ததும், எட்டாவது மாதத்திலிருந்து தரைப்படை 10 லட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். 30 லட்சம் என்ற எண் அந்த வாக்குறுதியின் மேல் நின்றது. போர் நடக்கும்போது ஒரு படை தன் கையில் இருக்கும் கப்பலைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கைக்கு அட்டவணையில் எடையே போடவில்லை.

பின்னர் நடந்தது

திருப்பித் தரவில்லை. 1942 ஆகஸ்டில் தென் பசிபிக் தீவான குவாடல்கனாலில் சண்டை மூண்டதும் தரைப்படை இன்னும் கப்பல் கேட்டது. அந்த டிசம்பரில் தலைமையகத்தின் நடவடிக்கைப் பிரிவுத் தலைவரும் படைத்துறை அமைச்சகத்தின் மூத்த அதிகாரி ஒருவரும் கப்பல் ஒதுக்கீட்டுக்காகக் கைகலப்பில் இறங்கும் அளவுக்குப் போனது.

500 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களில் 1942இல் மூழ்கியவை 10 லட்சம் டன்னைச் சற்றே தாண்டின. அந்த ஆண்டு கட்டியது 2.6 லட்சம். 1943இல் இழந்தது ஏறத்தாழ 18 லட்சம், கட்டியது 7.7 லட்சம். 1944இல் இழந்தது 38 லட்சத்துக்கு மேல், கட்டியது 17 லட்சம். மூன்று ஆண்டு நிகர இழப்பு சுமார் 40 லட்சம் டன். மாதிரி அமைச்சரவை சொன்ன 18 லட்சத்தைப் போல இரு மடங்குக்கும் மேல்.

எண்ணெயின் கதை இன்னும் நுட்பமானது. திட்ட வாரியம் முதல் மூன்று ஆண்டுகளுக்கு எதிர்பார்த்தது 3 லட்சம், 20 லட்சம், 45 லட்சம் கிலோலிட்டர். வந்தது 1942இல் 14.9 லட்சம், 1943இல் 26.5 லட்சம், 1944இல் 10.6 லட்சம். முதல் இரண்டு ஆண்டுகளும் எதிர்பார்ப்பை மிஞ்சின. திட்டம் சரி என்று நம்ப அந்த எண்களே போதுமாக இருந்தன. 1945இல் தெற்கின் எண்ணெய் ஏறக்குறைய நின்றுவிட்டது. கிணறுகள் அப்போதும் ஜப்பானின் கையில்தான் இருந்தன.

கான்வாய்களுக்கென்று ஒரு தலைமைக் காவல் படையகம் அமைந்தது 1943 நவம்பரில். போர் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து. போர் முடிந்தபின் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டபடி, மூழ்கியோ செயலிழந்தோ போன 89 லட்சம் டன்னில் 54.7 விழுக்காடு நீர்மூழ்கிகளின் வேலை.

இந்தக் கணக்கின் ஒரு வரி தமிழர் வாழ்வைத் தொட்டது. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குப் போகும் கடல் பாதை ஆபத்தானது, அதற்கு ஒதுக்கக் கப்பலும் போதவில்லை. அதற்கு மாற்றாகத் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை காட்டை வெட்டிப் போடப்பட்டது. 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். சயாம் மரண ரயில் என்று நாம் சொல்வது இதைத்தான். கப்பல் அட்டவணையில் விழுந்த துண்டை அவர்களின் உடல் ஈடுகட்டியது. டன் கணக்கு எழுதும் எவரும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கணிப்பு எங்கே பிசகியது

மாதிரி அமைச்சரவை இழப்பை ஆண்டுக்கு ஆண்டு மாறாத எண்ணாக வைத்தது. உண்மையில் அது ஏறுகோடு. 1942இல் குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம் அமெரிக்காவின் மார்க் 14 டார்பிடோவின் கோளாறுகள். சொன்ன ஆழத்தைவிடத் தாழ்வாக ஓடியது, இலக்கில் மோதியும் வெடிக்காமல் போனது. 1943 இலையுதிர் காலத்தில்தான் பெருமளவு சரியானது. அதன்பின் கோடு செங்குத்தாக ஏறியது.

கட்டும் அளவிலும் பிசகு உண்டு. முதல் ஆண்டில் 6 லட்சத்தில் பாதிகூடத் தேறவில்லை. மூன்றாம் ஆண்டிலோ அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கட்டினார்கள். அப்படிக் கட்டியும் பயன்படவில்லை.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

இழப்பை ஒற்றை எண்ணாக எழுதக் கூடாது. எதிரியின் நீர்மூழ்கி எண்ணிக்கை, டார்பிடோவின் தரம், நம் காவல் கப்பல்கள் ஆகிய மூன்றையும் இணைத்து ஆண்டுவாரியாகக் குறைந்த, நடுத்தர, உயர்ந்த மதிப்பு தர வேண்டும். நவம்பர் மாநாட்டில் 8–10 லட்சம் என்று தந்த வீச்சு மிகக் குறுகியது.

கப்பல்களைத் தரைப்படை, கடற்படை, மக்கள் பயன்பாடு என்று பிரித்தபின், ஒவ்வொரு திருப்பித் தரும் வாக்குறுதியையும் தனி வரியாக்கி, அது நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை கணக்கை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியை மாற்றியிருந்தாலே நவம்பர் 5இன் விடை ஆகஸ்ட் 28இன் விடையோடு சேர்ந்திருக்கும்.

அறிக்கை தரும் முன்பே, எந்த எண் வந்தால் எந்த முடிவு என்று கேட்பவரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். டோக்கியோவில் அப்படி எதுவும் இல்லை. முடிவு பிடிக்காதபோது பயிற்சியையே மேசைப் பயிற்சி என்று தள்ளிவிட வழி திறந்தே கிடந்தது.

இந்தப் பேரரசை வைத்து மாற்று வரலாறு எழுதுவோர் பொதுவாக 1942இல் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்த மிட்வே கடற்போரைத் திருத்துகிறார்கள். அவை பிழைத்திருந்தாலும் டேங்கர் ஒன்றுகூடக் கூடுதலாக வந்திருக்காது. பிலிப்பைன்ஸைத் தொடாமல் டச்சு எண்ணெயை மட்டும் எடுத்தால் என்ன என்பார்கள். சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் வரும் பாதையின் பக்கவாட்டில் பிலிப்பைன்ஸ் இருக்கிறது. அங்கே அமெரிக்க நீர்மூழ்கிகளை விட்டுவைத்துக்கொண்டு அந்த வழியில் எண்ணெய் கொண்டுவர முடியாது. வரலாறு திசைதிரும்பும் புள்ளியை வைப்பதானால் 1940க்கு முன்னால் சீனாவிலிருந்து படையைக் குறைத்ததில் வைக்கலாம். அல்லது 1941லேயே காவல் படையகத்தை அமைத்து, சிறு காவல் கப்பல்களுக்கு எஃகை ஒதுக்கி, அதற்காக எந்தப் போர்க்கப்பலை நிறுத்தினார்கள் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். எழுதியதும் 35 நாள் சுற்று, 60 நாள் சுற்று இரண்டுக்கும் டேங்கர் கணக்கைப் போட்டுப் பார்க்கவும். 1944க்கு எண்ணெய் வருகிறதா என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.